தொலைந்த நகையும் அடம்பிடிக்கும் டிடெக்டரும்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

நடவு நட்ட கழனியில் ஒரு கம்மல், மல்லாட்டை பிடுங்கிய கொல்லையில் அறுந்து விழுந்த தாலிச்செயின், மயானக் கொள்ளைத் திருவிழாக் கூட்டத்தில் பாலாற்று மணலில் நழுவிய மோதிரம். வடாற்காட்டில் தேடல் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. மெட்டல் டிடெக்டர் ஒன்றை இரவல் வாங்கி வந்து சுவிட்சைப் போட்டால், அது ஒன்று ஓயாமல் கத்தும், இல்லையென்றால் ஊமையாகக் கிடக்கும். இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் கருவிக்குள் இல்லை.

டிடெக்டருக்குத் தங்கம் தெரியாது, சவரன் கணக்கும் தெரியாது. இதை மறந்துவிட்டால் கீழே சொல்வது எதுவும் பிடிபடாது. காயில், அதாவது தண்டின் அடியில் இருக்கும் கம்பிச்சுருள் தட்டு, மண்ணுக்குள் அனுப்பும் காந்தப்புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்புகிறது. அந்த மின்னோட்டம் தடையில்லாமல் சுற்றி ஓட எவ்வளவு இடம் இருக்கிறதோ, அவ்வளவுக்குத்தான் சத்தம். அதனால்தான் ஐந்து சவரன் செயின் வாயைத் திறக்காது, குவார்ட்டர் பாட்டில் மூடி ஊரைக் கூட்டும்.

எந்தப் பட்டனையும் தொடும் முன்

மூன்று சோதனை. இரண்டு நிமிட வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் பட்டன்களை மாற்றி மாற்றி அழுத்துகிறவர்கள் அரை நாளை வீணாக்குகிறார்கள்.

ஒன்று: காயிலை இடுப்பு உயரத்தில் தூக்கி, அசைக்காமல் பத்து நொடி வையுங்கள். இதிலேயே கத்தினால் மின்சார இரைச்சல்.

இரண்டு: காயிலைத் தரைக்கு 3 செ.மீ. மேலே இறக்கி, முதலில் அசைக்காமல், பிறகு பக்கவாட்டில் ஆட்டுங்கள். அசைக்காதபோது அமைதி, ஆட்டினால் சத்தம் என்றால் மண்ணில் கனிமம். ஆட்டும்போது அங்கங்கே ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டால் அது உலோகம்.

மூன்று: தொலைந்த நகைக்கு ஜோடியான ஒன்றையோ, அதே எடையும் அதே வேலைப்பாடும் உள்ள வேறொன்றையோ வீட்டிலிருந்து வாங்கி வாருங்கள். ஒரு கம்மல் தொலைந்திருந்தால் மற்ற கம்மலே மாதிரி. அதைச் சிவப்பு நூலில் கட்டி, தேடப்போகும் அதே மண்ணில் வைத்து, காயிலை அதன் மேல் ஆட்டி, எத்தனை செ.மீ. உயரம் வரை கேட்கிறது, திரையில் என்ன எண் (உலோகத்தைப் பொறுத்து இது மாறும்) வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நூலைக் கட்டாமல் போட்டால் இரண்டாவது கம்மலும் தொலையும். இது கிண்டலுக்குச் சொல்வதல்ல.

அறிகுறி: அசைக்காமல் வைத்தாலும் கத்துகிறது

தலைக்கு மேலே பாருங்கள். மின்கம்பி, டிரான்ஸ்பார்மர், ஓடிக்கொண்டிருக்கும் பம்புசெட் மோட்டார், ஆடு மாடு வராமல் கட்டிய மின்வேலி, பக்கத்தில் நிற்பவர் கையில் செல்போன். பத்து மீட்டர் தள்ளிப் போய்ப் பாருங்கள்; சத்தம் குறைந்தால் சந்தேகம் தீர்ந்தது.

சரிசெய்யும் வரிசை இது. முதலில் உங்கள் செல்போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுக் கூட நிற்பவரிடம் கொடுத்து விலகச் சொல்லுங்கள். பிறகு கழனிக்காரரிடம் மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்கள். மூணு பேஸ் கரண்ட் எந்த நேரத்துக்கு வரும் என்று கேட்டு, அது இல்லாத நேரத்தில் தேடினால் அக்கம்பக்கத்து மோட்டார்களும் அடங்கியிருக்கும். அப்படியும் அடங்கவில்லையென்றால் கருவியில் அலைவரிசை மாற்றும் வசதி இருக்கிறதா பாருங்கள்; பல கருவிகளில் இருக்கும், ஒவ்வொன்றாக மாற்றி எது அமைதியோ அதில் நிறுத்துங்கள். சென்சிட்டிவிட்டியை, அதாவது கருவியின் உணர்திறனை, குறைப்பது கடைசி. குறைக்கும்போதும் ஒவ்வொரு படியாகக் குறைத்து, சத்தம் நின்ற படியிலேயே நிறுத்தி, மாதிரி நகையை மறுபடி வைத்துப் பாருங்கள். நகையே கேட்காத அளவுக்குக் குறைத்துவிட்டு அமைதியாக இருக்கிறது என்று சந்தோஷப்படுவதில் பயனில்லை.

இரண்டு பேர் இரண்டு டிடெக்டரோடு பக்கத்தில் பக்கத்தில் நடந்தாலும் இதே கூச்சல்தான். பத்து மீட்டர் இடைவெளி விடுங்கள்.

அறிகுறி: செடியில் இடித்தால், கருவி ஆடினால் மட்டும் கத்துகிறது

காயிலிலிருந்து வரும் வயர் தொங்குகிறது, அல்லது பிளக் முழுக்க இறங்கவில்லை. வயரைத் தண்டில் இறுக்கமாகச் சுற்றி, முதல் சுற்று தண்டின் மேல்பக்கம் வருமாறு கட்டுங்கள். பிளக்கைக் கழற்றி, மண் துடைத்து, மறுபடி மாட்டித் திருகுங்கள். பிறகு காயிலின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஆற்றில் தேடியவர்களின் கருவியில் அந்த மூடிக்குள் கருமணல் ஒரு கை அளவு சேர்ந்திருக்கும், காயிலோடு கூடவே அதுவும் ஆடிக்கொண்டிருக்கும். தண்ணீரில் அலசித் துடைத்தால் போதும்.

பேட்டரியும் ஒரு காரணம். சாதாரண அல்கலைன் செல் 1.5 வோல்ட், சார்ஜ் போடும் நிக்கல் செல் 1.2 வோல்ட். இரண்டையும் கலந்து போட்டால் திரையில் பேட்டரி அளவு தப்பாகக் காட்டும், திடீரென்று நின்றும் போகும்.

அறிகுறி: தரை மேல் ஆட்டினால் இடமெல்லாம் முனகுகிறது

மண்ணில் இரும்புக் கனிமம். பாலாற்று மணலில் ஓரமாகக் கறுப்புக் கோடு கோடாகத் தெரிகிறதே, அந்த இடம் இப்படித்தான் இருக்கும். ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு மணலில் இழுத்துப் பாருங்கள். கவரில் கறுப்பு மீசை முளைத்தால் அது மேக்னடைட் மணல். செம்மண் கொல்லையிலும் இதே நிலை வரும்.

இதைவிட ஏமாற்றுவது செங்கல். களிமண்ணிலுள்ள இரும்பு சூளை நெருப்பில் காந்தத்தன்மை பெறுகிறது. பழைய சூளை இருந்த இடம், செங்கல் உடைசல் கொட்டிய வரப்பு, கரும்புத் தோகை எரித்த கழனி ஆகிய இடங்களில் உலோகமே இல்லாமல் உலோகம் மாதிரி கேட்கும். கருநிறக் கற்களும் அப்படியே. சந்தேகக் கல்லைக் கையில் எடுத்துக் காயிலுக்கு முன்னால் காட்டினால் தெரிந்துவிடும்.

இதற்கான மருந்து கிரவுண்ட் பேலன்ஸ்: மண்ணின் சத்தத்தைக் கருவி கழித்துவிடும்படி செய்வது.

1. உலோகம் எதுவும் இல்லாத ஒரு சதுர அடி இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆட்டிப் பார்த்து உறுதி செய்யுங்கள்.
2. கிரவுண்ட் பேலன்ஸ் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, காயிலைத் தரைக்கு 3 செ.மீ. வரை இறக்கி, 15 முதல் 20 செ.மீ. வரை தூக்கி, மறுபடி இறக்குங்கள். உரலில் குத்துவது மாதிரி, சாய்க்காமல்.
3. இறக்கும்போதும் ஏற்றும்போதும் சத்தம் ஒரே மாதிரி ஆனதும் பட்டனை விடுங்கள்.
4. மணலிலிருந்து கரைமேட்டுக்கு ஏறினால், கழனியிலிருந்து வரப்புக்கு வந்தால், மறுபடி செய்யுங்கள். காலையில் ஒரு தடவை செய்தது மாலை வரை தாங்காது.

எல்லாக் கருவியிலும் இந்தப் பட்டன் இருக்காது. காரெட் ஏஸ் 300i போன்றவற்றில் கம்பெனியில் வைத்த அளவுதான். அவற்றில் சென்சிட்டிவிட்டியை இரண்டு படி குறைத்து, காயிலைத் தரையை உரசாமல் 2 செ.மீ. கூடுதலாகத் தூக்கி ஆட்டுங்கள். சென்சிட்டிவிட்டியை உச்சத்தில் வைத்தால் ஆழம் கூடும் என்பது காற்றில் சரி. கனிம மண்ணில் தலைகீழ்: மண்ணின் முனகலே நகையின் சத்தத்தை விழுங்கிவிடும்.

அறிகுறி: நகை இங்கேதான் விழுந்தது, கருவி ஒரு சத்தமும் போடவில்லை

இதுதான் அதிகம் வருவது. பொறுமையாகப் பாருங்கள்.

டிஸ்கிரிமினேஷன், அதாவது சில உலோகங்களை ஒதுக்கும் அமைப்பு, எதில் இருக்கிறது? இரும்பை ஒதுக்க வேண்டும், குப்பையை ஒதுக்க வேண்டும் என்று பலர் அதை ஏற்றி வைக்கிறார்கள். மெல்லிய தங்கம் விழுவது அலுமினியத் தாள் விழும் அதே எண்களில். தாளை ஒதுக்கினால் மூக்குத்தியும் கம்மலும் சேர்ந்தே போகும். நாணயம் என்ற மோடில் வைத்திருந்தாலும் அதே கதி. எல்லா உலோகமும் கேட்கும் மோடில் போடுங்கள்.

அடுத்து, தொலைந்தது என்ன உருவம்? சாயங்காலம் தேட ஆள் கூட்டும் முன் இதை யோசித்தால் பாதி வேலை முடிந்தது.

மூடிய வளையம்தான் டிடெக்டருக்குச் சர்க்கரைப் பொங்கல். ஒரு சவரன், அதாவது 8 கிராம் மோதிரம் மண்ணில் படுக்கையாகக் கிடந்தால் ஒரு சாண் ஆழம் வரை நல்ல கருவியில் கேட்கும். அதே மோதிரம் வெட்டுப்பட்டோ ஒட்டு விட்டோ இருந்தால் மின்னோட்டம் வளையம் முழுக்கச் சுற்ற முடியாது, சத்தம் நன்றாக இறங்கும். மெட்டி இந்த வகை: வெள்ளி நல்ல கடத்தி, ஆனால் விரலுக்குத் தகுந்தபடி நெருக்க வசதியாக வாய் திறந்தே இருக்கும். அதனால் அது தன் தகுதிக்குக் குறைவாகத்தான் பேசும்.

செயின் இதைவிட மோசம். ஒரு செயினைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள்: ஒவ்வொரு கண்ணியும் தனி வளையம், பக்கத்துக் கண்ணியை ஒரு புள்ளியில் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. மின்னோட்டம் கண்ணிக்கு உள்ளேயே சுற்றி நின்றுவிடும், செயின் முழுக்க ஓடாது. ஆக டிடெக்டர் பார்ப்பது மூன்று சவரன் பொருளை அல்ல, கடுகளவு வளையங்களின் வரிசையை. மாதிரிச் செயினை முதலில் நீளமாக நீட்டிப் போட்டும், பிறகு சுருட்டிக் குவித்தும் சோதித்துப் பாருங்கள். இரண்டுக்கும் எத்தனை விரல்கடை உயரம் வித்தியாசம் என்று தெரியும்.

அதனால் செயினைத் தேடாதீர்கள், செயினில் கோத்ததைத் தேடுங்கள். தாலிச்செயின் என்றால் பொட்டு, காசு, கொக்கி. இவை தகடாகவும் கட்டியாகவும் இருப்பதால் பேசும். குண்டு உள்ளே பொள்ளல், பெரும்பாலும் அரக்கு அடைத்தது. ஆனால் மேல் ஓடு மூடிய உருண்டை என்பதால் அதன் எடைக்கு மீறியே கேட்கும். மஞ்சள் கயிற்றில் கட்டிய தாலி என்றால் கயிறு கேட்காது, பொட்டு மட்டும். முத்து, பவளம், கல் எதுவும் கேட்காது. கல்லைச் சுற்றிய தங்கக் கட்டு மட்டும்தான்.

மாதிரி நகை காட்டிய உயரத்தை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். கம்மல் 5 செ.மீ. உயரம் வரைதான் கேட்டது என்றால், காயிலைத் தரையிலிருந்து 4 செ.மீ. தூக்கி ஆட்டுகிற ஆள் வெறும் 1 செ.மீ. மண்ணைத்தான் தேடுகிறார். அறுப்பு முடிந்த கழனியில் நெல்தாள் ஒரு சாண் நிற்கிறது. அதன் மேல் காயிலை ஓட்டினால் என்ன கிடைக்கும்? தாளைத் தரையோடு அறுத்துப் போட்டுவிட்டுத்தான் தேட வேண்டும். புல்லும் அப்படியே.

வேகத்தையும் பாருங்கள். ஒரு மீட்டர் அகலத்துக்கு ஒரு வீச்சு, இரண்டு நொடி. வீச்சின் இரண்டு முனையிலும் காயில் மேலே எழும்பாமல், தரைக்கு இணையாகவே திரும்ப வேண்டும். அரிவாள் வீசிப் பழகிய கை இதை உடனே பிடித்துக்கொள்ளும். மட்டை வீசிப் பழகிய கைதான் முனையில் தூக்கும்.

இவ்வளவும் சரி, மாதிரி நகையே 2 செ.மீ. தாண்டிக் கேட்கவில்லை என்றால் கருவி அந்த நகைக்கு ஏற்றதல்ல. குறைந்த அலைவரிசை பெரிய பொருளுக்கு, உயர்ந்த அலைவரிசை சன்னமான தங்கத்துக்கு. ஏஸ் 300i 8 கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறது. காரெட் ஏடி கோல்டு 18 கிலோஹெர்ட்ஸில். மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800-ஐ 40 கிலோஹெர்ட்ஸ் வரை ஏற்றலாம். மூக்குத்திக்கும் சன்னச் செயினுக்கும் பின்னவை இரண்டும்தான். கல்யாண மண்டப வாசலில் காவலாளி உடம்பைத் தடவிப் பார்க்கும் கைக்கருவியை வாங்கி வந்து கழனியில் தேடுவதும் நடக்கிறது. அது வேலை செய்யாது என்றில்லை, ஆனால் அதன் முகம் ஒரு கை அகலம். ஒரு சென்ட் இடத்தை முடிக்கப் பொழுது போய்விடும். மண் குவியலுக்குள் பிரித்துப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: நகை மேல் காயிலை நிறுத்தினால் சத்தம் நின்றுபோகிறது

பழுதில்லை. தேடும் மோடில் காயில் அசைந்தால்தான் கேட்கும். நிறுத்திப் பார்க்க பின்பாயின்ட் பட்டனை அழுத்துங்கள்.

அறிகுறி: அடிக்கு ஒரு சத்தம், எதைத் தோண்டுவது?

திருவிழா நடந்த ஆற்றுமணல், மண்டபத்துப் பின்புறம், சந்தை மேடு. சோடா மூடி, மாத்திரை அட்டை, உள்ளே வெள்ளித்தாள் ஒட்டிய பாக்குப் பொட்டலம், கம்பி மத்தாப்புக் கம்பி, பாட்டிலைத் திருகித் திறந்த அலுமினிய மூடி. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் கழிவு கொட்டிய இடமென்றால் செருப்பு வளையம், பக்கிள், ஆணி என்று அது தனி உலகம். இந்த மண்ணில் எண்ணை மட்டும் நம்பினால் தோற்றீர்கள்: திருகு மூடிக்கும் ஆண்கள் மோதிரத்துக்கும் ஒரே எண் வரும். இப்போதைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் காந்தத்தில் ஒட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அவை இரும்பா நல்ல உலோகமா என்று கருவியையே குழப்பும்.

முதலில் கண்ணால் பொறுக்குங்கள். மேலே கிடப்பதை ஒரு பையில் அள்ளிவிட்டாலே இரைச்சல் பாதி குறையும். பெரிய காயிலைக் கழற்றி 15 முதல் 20 செ.மீ. சின்னக் காயில் போடுங்கள். ஆழம் குறையும், ஆனால் மூடிக்குப் பக்கத்தில் கிடக்கும் மோதிரம் தனியாகக் கேட்கும். பிறகு ஒவ்வொரு சத்தத்தையும் இரண்டு திசையில் சோதியுங்கள்: கிழக்கு மேற்காக ஆட்டி எண்ணைப் பார்த்து, தொண்ணூறு டிகிரி திரும்பி வடக்கு தெற்காக ஆட்டுங்கள். மோதிரமும் பொட்டும் எந்தப் பக்கமிருந்தும் ஏறக்குறைய ஒரே எண் தரும். கசங்கிய தாள் 12, 25, 18 என்று தாவும். ஆணி ஒரு திசையில் கேட்டு மறு திசையில் உடையும்.

கசங்காத தாளும் சில சமயம் நிலையான எண் தந்து ஏமாற்றும். மாதிரி நகையின் எண்ணுக்கு ஐந்து முன்பின் வரும் எல்லாவற்றையும் தோண்டியே ஆகவேண்டும். இங்கே குறுக்கு வழி இல்லை. தோண்டிய குப்பையை அங்கேயே திரும்பப் போடாதீர்கள். இடுப்பில் ஒரு பை.

அறிகுறி: தோண்டினால் ஒன்றும் இல்லை, சத்தம் இடம் மாறுகிறது

உங்கள் காலைப் பாருங்கள். ஷூவில் இரும்பு வளையம், பக்கத்தில் குனிந்து நிற்கும் பெண்மணியின் மெட்டி, கையிலிருக்கும் மண்வெட்டி, இடுப்பு பெல்ட், கைவளை. கருவி சரியாகத்தான் சொல்கிறது, நீங்கள்தான் உலோகத்தோடு நடக்கிறீர்கள். மண்வெட்டியை இரண்டு அடி தள்ளிப் போட்டுவிட்டுக் காயிலை ஆட்டுங்கள்.

அது இல்லையென்றால் இந்த ஒழுங்கில் போங்கள். பின்பாயின்ட் மோடில் சத்தம் உச்சமாகும் இடத்தில் குச்சி நடுங்கள். வட்டமான சாதாரணக் காயிலில் உச்சம் நடுவில். டிடி வகைக் காயிலில் (D வடிவச் சுருள் இரண்டு சேர்ந்தது) நடுக்கோடு முழுக்க ஒரே மாதிரி கேட்கும், ஆகவே குறுக்காகவும் ஆட்டிக் கோடுகள் வெட்டும் புள்ளியைப் பிடியுங்கள். குச்சியைச் சுற்றி ஒரு சாண் வட்டம் விட்டுத் தோண்டுங்கள். களைக்கொத்தியைக் குச்சி மேலேயே போட்டால் நகை நசுங்கும்; பொட்டில் வெட்டு விழுந்தால் வீட்டாரின் முகத்தைப் பார்க்க முடியாது.

ஒரு கொத்து எடுத்ததும் குழி மேல் ஆட்டுங்கள். குழியில் கேட்டால் இன்னும் கீழே. குழியில் கேட்காவிட்டால் வெளியே போட்ட மண்ணில். அந்த மண்ணை ஒரு பிளாஸ்டிக் தட்டில் பரப்பி, பிடி பிடியாக அள்ளிக் காயில் முன் காட்டுங்கள். எந்தப் பிடி கத்துகிறதோ அதை இரண்டாகப் பிரித்து மறுபடி காட்டுங்கள். மோதிரமும் காலில் மிதிபடாமல் வந்துவிடும், அரை கிராம் மூக்குத்தியும் வந்துவிடும். இந்த வேலையைப் பின்பாயின்டர் என்ற கையடக்கக் குச்சிக் கருவி இருந்தால் இன்னும் வேகமாக முடிக்கலாம்.

குழியிலும் இல்லை, மண்ணிலும் இல்லை என்றால் துரு. நெடுநாள் புதைந்த ஆணி சுற்றியுள்ள மண்ணில் துருவைக் கரைத்து விட்டிருக்கும், மண்ணைக் கலைத்ததும் சத்தம் கலைந்து போகும். விட்டுவிட்டு நகருங்கள். காய்ந்த ஆற்றுமணலில் வேறு சிக்கல்: குழி சரிந்து மூடும்போது மோதிரமும் சேர்ந்து கீழே இறங்கும். முதலிலேயே அரைக்குடம் தண்ணீர் ஊற்றி மணலை நனைத்துக் கொண்டு தோண்டுங்கள். இல்லையென்றால் ஒரே வீச்சில் பெரிதாக அள்ளி, கொத்தனார் மணல் சலிக்கும் சல்லடையில் போடுங்கள்.

அறிகுறி: முழு இடமும் தேடியாயிற்று, இல்லை

முழு இடமும் தேடவில்லை என்பதுதான் முதல் சந்தேகம். கயிறு கட்டாமல் மனம் போன போக்கில் நடந்தால், நடந்த இடத்திலேயே மூன்று தடவை நடந்திருப்பீர்கள். ஒரு மீட்டர் அகலத்துக்குக் கயிறு பிடியுங்கள், ஓரத்தில் கோலமாவு தூவுங்கள். 28 செ.மீ. காயில் என்றால் ஒவ்வொரு வீச்சுக்கும் பாதி அகலம், 14 செ.மீ., முன்னால் நகர வேண்டும். பத்து மீட்டர் நீளச் சந்துக்கு எழுபது வீச்சு. வீச்சுக்கு இரண்டு நொடி போட்டால் சந்துக்கு இரண்டரை நிமிடத்துக்குள். பத்துக்குப் பத்து மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்ட், தோண்டும் நேரம் இல்லாமல் இருபத்தைந்து நிமிடம். பிறகு கயிற்றைத் திருப்பிக் குறுக்காக இன்னொரு தடவை. செங்குத்தாக நிற்கும் மோதிரம் ஒரு திசையில் கேட்காமல் மறு திசையில் கேட்டதுண்டு.

இரண்டாவது சந்தேகம், கேட்ட கேள்வி தப்பு. "எங்கம்மா விழுந்துச்சு?" என்று கேட்டால், எங்கே கவனித்தார்களோ அந்த இடத்தைத்தான் காட்டுவார்கள். "கடைசியா எப்பம்மா கழுத்துல தட்டுப்பட்டுச்சு?" என்று கேளுங்கள். அந்த நேரத்துக்கும் இல்லை என்று கண்ட நேரத்துக்கும் நடுவில் நடந்த வழி, உட்கார்ந்த வரப்பு, சோறு சாப்பிட்ட வேப்பமரத்தடி, தலைச்சுமையை இறக்கிய மேடு. சுமையை இறக்கும் இடம் முக்கியம். செயின் சுமைக்கட்டில் மாட்டி அறுவது அங்கேதான். சுமைக்கட்டையும் அவிழ்த்துப் பாருங்கள். பூச்சரத்தோடு சேர்த்துக் கழற்றிக் குப்பைக்குப் போன செயினும் உண்டு, ஆகவே குப்பைமேட்டையும் விடாதீர்கள்.

மூன்றாவது, மண் நகர்ந்திருக்கிறது. நகை விழுந்து அன்றைக்கே தேடினால் மேல் 3 செ.மீ.க்குள் இருக்கும். கேஜ் வீல் ஓட்டிச் சேறு அடித்த கழனியில் கதை வேறு. 22 காரட் தங்கம் அதே அளவு மணற்பருக்கையைவிட ஆறேழு மடங்கு கனம். சேற்றில் உழவு பட்ட அடுக்கின் அடி வரை இறங்கிக் கெட்டித் தரையில் உட்காரும். அது 10 முதல் 15 செ.மீ. மோதிரம் அந்த ஆழத்தில் கேட்கும், கம்மல் கேட்காது. கம்மலென்றால் பயிர் அறுத்த பிறகு ரோட்டவேட்டர் ஓட்டி, ஒவ்வொரு ஓட்டுக்கும் பின் ஒரு தடவை தேட வேண்டும். புரளும்போது என்றைக்காவது மேலே வரும். தேடும் அகலத்தை உழவு போன திசையில் இருபக்கமும் சில மீட்டர் நீட்டிக்கொள்ளுங்கள். ஆற்றில் தொலைந்து, அதற்குப் பின் 2021 நவம்பரில் வந்தது மாதிரி வெள்ளம் போயிருந்தால், கருவியை எடுக்காதீர்கள்.

கிணற்றில் விழுந்தது

காந்தம் கட்டி இறக்குவது வீண். தங்கமும் வெள்ளியும் ஒட்டாது. பாதாளக்கரண்டியில் கொக்கிச் செயின் மாட்டலாம், மோதிரம் மாட்டாது. தண்ணீரை இறைத்துவிட்டு அடிச்சேற்றைக் கூடையில் மேலேற்றி, தார்ப்பாயில் நான்கு விரல் கனத்துக்குப் பரப்பி, அதன் மேல் காயிலை ஓட்டுவதுதான் நிச்சயமான வழி. ஓட்டிய பரப்பை ஒரு தடவை புரட்டி மறுபடி ஓட்டுங்கள். தார்ப்பாயின் ஓரத்தில் பித்தளைக் கண் வளையங்கள் இருக்கும், அவை கத்தினால் ஏமாறாதீர்கள்.

டீசல் என்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டக்கூடாது. புகை அடியில் தங்கும், இறங்கிய ஆள் ஏறமாட்டார். நெடுநாள் புழங்காத கிணற்றில் தண்ணீர் வற்றியதும் ஆள் இறக்குவதும் அதே ஆபத்து. தீயணைப்பு நிலையத்தைக் கேளுங்கள்.

வீட்டுக்குள், மண்டபத்துக்குள்

தளத்தில் கம்பி கட்டியிருப்பதால் காயில் தரை முழுக்கக் கத்தும். டிடெக்டரை மூலையில் வைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்துப் பாருங்கள். கை கழுவும் இடம் என்றால் தொட்டிக்குக் கீழே வளைந்த குழாய்தான் முதல் இடம்: அடியில் பாத்திரம் வைத்துக் கையால் திருகிக் கழற்றலாம். அதுவரை குழாயைத் திறக்க விடாதீர்கள். மெத்தை, தலையணை, துணி மூட்டை ஆகியவற்றுக்குப் பின்பாயின்டர் உதவும், ஜிப்பும் கொக்கியும் கத்தும் என்பதை நினைவில் வைத்து.

கிடைத்த பிறகு

உடனே குழியை மூடாதீர்கள். கம்மல் கிடைத்தால் திருகாணி கேளுங்கள், தாலி கிடைத்தால் குண்டு எத்தனை, காசு எத்தனை என்று வீட்டாரை எண்ணச் சொல்லுங்கள். அறுந்த செயினின் மற்ற துண்டு பெரும்பாலும் இரண்டடிக்குள் இருக்கும். அந்த வட்டத்தை மட்டும் சென்சிட்டிவிட்டி குறைத்து, சின்னக் காயிலில், நான்கு திசையிலிருந்தும் ஓட்டுங்கள்.

தேடியது கிடைக்காமல் பழைய காசு, பானை என்று வேறொன்று தட்டுப்பட்டால் அது உங்களுடையதும் அல்ல, நிலத்துக்காரருடையதும் ஆகிவிடாது. 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டப்படி மண்ணில் புதைந்து கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதென்றால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வேலூர் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அகழிக்கரைப் புல்வெளியில் உங்கள் மோதிரம்தான் விழுந்தது என்றாலும் அனுமதி இல்லாமல் ஒரு கொத்துக்கூடப் போடக்கூடாது, அங்குள்ள அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு அவர்கள் ஆள் முன்னிலையில் கண்ணால் தேடுங்கள். அமிர்தி, ஜவ்வாது மலைக் காப்புக்காட்டில் வனத்துறையிடம் கேட்க வேண்டும். மற்றவர் கழனியில் தேடினால் குழிகளை மிதித்து மூடிவிட்டு வாருங்கள். அறுப்பு மிஷின் சக்கரமோ மாட்டின் காலோ அதில் இறங்கினால், அடுத்த தடவை வரப்பில் கால் வைக்க விடமாட்டார்கள்.